சூப்பர்மேன் எப்போதிலிருந்து இவ்வளவு நல்ல பிள்ளை?

திண்ணைவாசி:

2025இல் வந்த சூப்பர்மேன் படத்தை வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம், அன்றிலிருந்து வாக்குவாதம் ஓயவில்லை. அண்ணனுக்கு 1978 படத்து கிறிஸ்டோபர் ரீவ் மட்டும்தான் சூப்பர்மேன், மற்றவர்கள் எல்லாம் வேஷம் கட்டியவர்கள். அக்கா மகன் 2013 படத்தில் வில்லன் கழுத்தை முறித்த சூப்பர்மேனைப் பார்த்து வளர்ந்தவன், அவனுக்கு அடிபட்டுக் கிடந்து நாயைக் கூப்பிடுகிற புது ஆள் கேலிக்கூத்தாகத் தெரிகிறது. அண்ணன் அடித்துச் சொல்வது இதுதான்: ஒரிஜினல் சூப்பர்மேன் சட்டத்தை மீற மாட்டார், கொல்ல மாட்டார், அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார், இரண்டு நாட்டுச் சண்டைக்கு நடுவில் போய் நிற்பதெல்லாம் இந்தக் காலத்து இயக்குநர்கள் செய்த கூத்து.

எனக்கு இது சரியாகப் படவில்லை, ஆனால் மறுத்துப் பேசக் கையில் சரக்கு இல்லை. படங்கள் தெரியும், காமிக்ஸ் அவ்வளவாகப் படித்ததில்லை. 1938லிருந்து வருகிற ஆள், இத்தனை தலைமுறையில் அவரை யார் யார், எதற்காக மாற்றினார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். லிங்க் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், ப்ளீஸ்.

பழையதாள்:

உங்கள் அண்ணன் சொல்வது 1950களின் சூப்பர்மேனை. 1938இல் பிறந்த ஆள் வேறு, அவரை இன்று யாராவது புதிதாக எழுதிக் கொண்டுவந்தால் உங்கள் அண்ணனே முதல் ஆளாகத் திட்டுவார்.

ஆக்‌ஷன் காமிக்ஸ் என்ற பத்திரிகையின் முதல் இதழில்தான் அவர் அறிமுகம், அவருக்கு வெறும் 13 பக்கம். தொடக்கத்திலேயே நடுராத்திரியில் ஆளுநர் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறார், படுக்கையறையின் இரும்புக் கதவையும் பிய்த்து எறிகிறார், ஏனென்றால் செய்யாத கொலைக்கு ஒரு பெண்ணுக்கு அன்றிரவு மரண தண்டனை. அப்புறம் மனைவியை அடிக்கிற ஒருவனைத் தூக்கிச் சுவரில் வீசுகிறார், அவன் மயங்கி விழுகிறான். கடைசியில் வாஷிங்டனில் ஒரு செனட்டரைக் கைக்குள் போட்டிருக்கிற தரகரைத் தூக்கிக்கொண்டு தொலைபேசிக் கம்பிமேல் ஓடி, பயத்திலேயே உண்மையைக் கக்கவைக்கப் பார்க்கிறார். வேற்றுக்கிரக வில்லன் இல்லை, ரோபோ இல்லை. எதிரிகள் எல்லாம் அன்றாடம் செய்தித்தாளில் வருகிற ஆட்கள். இரண்டாம் இதழில் ஆயுத வியாபாரி ஒருவனைப் போர்முனைக்கே இழுத்துப்போய்ச் சிப்பாயாக நிற்கவைக்கிறார்.

மூன்றாம் இதழ்தான் எனக்குப் பிடித்தது. நிலக்கரிச் சுரங்கம் சரிந்து ஒரு தொழிலாளி மாட்டிக்கொள்கிறார், பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் இல்லை, முதலாளி அலட்டிக்கொள்ளவில்லை. சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளி உடையில் முதலாளியின் மாளிகை விருந்துக்குள் புகுந்துவிடுகிறார். குடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்த பணக்காரக் கூட்டம் விளையாட்டாகச் சுரங்கத்துக்குள்ளேயே போய் விருந்தைத் தொடரலாம் என்று இறங்குகிறது. கோட்டு சூட்டும் பட்டு கவுனுமாக எல்லாரும் உள்ளே போன பிறகு அவரே தாங்குகட்டைகளைத் தட்டிவிட்டு வழியை அடைத்துவிடுகிறார். அபாய மணியை இழுக்கிறார்கள், வேலை செய்யவில்லை. அது வேலை செய்யாது என்பது தொழிலாளிகளுக்கு எப்போதோ தெரியும், முதலாளிக்கு அப்போதுதான் தெரிகிறது. இந்தக் கதையில் ஒரு சண்டைகூடக் கிடையாது.

நீங்கள் சொன்ன "சட்டத்தை மீற மாட்டார்" விஷயத்துக்கு எட்டாம் இதழ். சேரியில் வளர்கிற பையன்கள் குற்றத்தில் விழுவதற்குக் காரணம் அந்த இடமே என்று முடிவு செய்கிறார். புயலில் அழிந்த ஊருக்கு அரசாங்கம் புது வீடு கட்டித் தந்த செய்தி கண்ணில் படுகிறது, உடனே மக்களை வெளியேறச் சொல்லிவிட்டுச் சேரியை முழுக்க இடித்துத் தரைமட்டம் ஆக்குகிறார். ராணுவம் வருகிறது, விமானம் குண்டு போடுகிறது, அந்தக் குண்டுகளும் இடிக்கிற வேலைக்கே பயன்படுகின்றன. வேறு வழியில்லாமல் அரசாங்கம் அங்கே புதுக் குடியிருப்பு கட்டுகிறது.

எழுதிய ஜெர்ரி சீகலும் வரைந்த ஜோ ஷஸ்டரும் கிளீவ்லாந்தில் வளர்ந்த யூதக் குடியேறிகளின் பிள்ளைகள், இருவரும் 1914இல் பிறந்தவர்கள், வயதுக்கு வந்தபோது அமெரிக்கப் பொருளாதாரமே சரிந்துபோன பெருமந்தம். வேலை இல்லை, காசு இல்லை, செனட்டர்மேல் கோபம், முதலாளிமேல் கோபம். அந்தக் கோபத்துக்கு ஒரு உடம்பு கிடைத்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று, அண்ணனிடம் தவறாமல் சொல்லுங்கள். புதுப் படத்தில் வருகிற பொராவியா என்ற நாட்டின் பெயரே 1939 சூப்பர்மேன் காமிக்ஸிலிருந்து எடுத்தது. அப்போதே அந்த நாட்டுப் போரில் போய்த் தலையிட்டவர்தான் இவர்.

வானொலி ரசிகன்:

பழையதாள் சார் முதல் பாதியைச் சொல்லிவிட்டார், மீதியை நான் சொல்கிறேன். அந்தக் கோபக்கார இளைஞரை அடக்கியது பணம். சூப்பர்மேன் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்ததும் பதிப்பகம் பொம்மை, பலூன், வானொலி, செய்தித்தாள் படக்கதை என்று எல்லாவற்றிலும் அவரை விற்க ஆரம்பித்தது. பெற்றோர் காசு கொடுத்து வாங்கித்தரும் ஒரு சரக்கு சேரியை இடித்துக்கொண்டு திரிய முடியாதே. 1940களின் தொடக்கத்திலேயே எடிட்டர்கள் கதைகளைச் சலிக்க ஆரம்பித்துவிட்டார்கள், யாரையும் கொல்லக்கூடாது என்ற விதி அங்கே வந்ததுதான்.

அதைவிடச் சுவாரசியம், நாம் காமிக்ஸில் பிறந்ததாக நினைக்கிற பல விஷயங்கள் காமிக்ஸில் பிறக்கவே இல்லை. கதையில் சூப்பர்மேன் கிளார்க் என்ற பெயரில் நிருபராக வேலை பார்க்கிற பத்திரிகையின் எடிட்டர் பெர்ரி ஒயிட் 1940இல் தொடங்கிய வானொலித் தொடரில் வந்தவர். அவருடைய பலத்தைப் பறிக்கிற கல்லான கிரிப்டோனைட்டும் 1943இல் அதே வானொலியில்தான் முதலில் மக்கள் காதுக்கு வந்தது. பறப்பதும் அவருடைய பிறவிக்குணம் இல்லை, 1938இல் ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம், அதாவது சுமார் 200 மீட்டர் தாண்டுவார், அவ்வளவுதான். 1941இல் ஃப்ளைஷர் ஸ்டூடியோ கார்ட்டூன் எடுக்கும்போது ஒருவர் வெட்டுக்கிளி மாதிரி தாவித்தாவிப் போவது திரையில் அசிங்கமாக இருக்கிறது என்று பறக்கவிட்டார்கள். வானொலியில் கிளார்க், சூப்பர்மேன் இருவருக்கும் குரல் கொடுத்தவர் பட் கோலியர், உடை மாற்றும் இடத்தில் பாதி வாக்கியத்திலேயே குரலைக் கீழே இறக்குவார், காட்சியே வேண்டாம், ஆள் மாறிவிட்டார் என்று புரிந்துவிடும்.

போர் வந்ததும் புதுச் சிக்கல். இவ்வளவு பலசாலி ஏன் ஹிட்லரை ஒரே நாளில் முடிக்கவில்லை? 1940இல் லுக் பத்திரிகைக்காக வரைந்த இரண்டு பக்கக் கதையில் உண்மையிலேயே ஹிட்லரையும் ஸ்டாலினையும் கழுத்தைப் பிடித்துத் தூக்கி ஜெனீவாவில் ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்தினார். ஆனால் அமெரிக்கா போரில் இறங்கி உண்மையான சிப்பாய்கள் சாக ஆரம்பித்த பிறகு அப்படி எழுத முடியவில்லை. அதனால் 1942 செய்தித்தாள் தொடரில் கிளார்க் படையில் சேரப் போகிறார், கண் பரிசோதனையில் தன் ஊடுருவும் பார்வையால் தெரியாமல் பக்கத்து அறையில் இருக்கிற எழுத்துப் பலகையைப் படித்துவிடுகிறார், பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சிரிப்பு வந்தாலும், எழுதியவர்களின் கஷ்டம் புரிகிறது. "உண்மை, நீதி" என்ற முழக்கத்தோடு "அமெரிக்க வழி" ஒட்டிக்கொண்டதும் இதே 1942இல், இதே வானொலியில். 2021இல் அதை எடுத்துவிட்டு "மேலான நாளை" என்று மாற்றியபோது பாரம்பரியம் போச்சு என்று கத்தியவர்களுக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை.

ஆனால் அடக்கிவிட்டார்கள் என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. 1946இல் அதே வானொலித் தொடர் 16 பகுதிகளுக்குக் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் மாதிரியான ஒரு கூட்டத்தோடு சூப்பர்மேனை மோதவிட்டது, அவர் காப்பாற்றுவது ஒரு சீன அமெரிக்கக் குடும்பத்தை. கேட்டது எல்லாம் சின்னப் பையன்கள்.

கடைசிபெஞ்ச்:

இவ்வளவு பேசுகிறீர்கள், ஜட்டி விஷயத்தை யாருமே சொல்லவில்லையே தலைவரே. 2011இல் சிவப்பு ஜட்டியைக் கழற்றினார்கள், 2018இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் 1000ஆம் இதழுக்கு மறுபடி மாட்டிவிட்டார்கள். சர்க்கஸ் பயில்வான்கள் உடையைப் பார்த்து ஷஸ்டர் வரைந்தது, அதற்குப் போய் ஒரு தலைமுறையே வெட்கப்பட்டது. 2025 படத்தில் ஜட்டி இருக்கிறது, அதனால் உங்கள் அண்ணனுக்கு அந்த ஒரு பாயிண்ட் கொடுத்துவிடலாம்.

எறும்புத்தலை:

என் பெயருக்குக் காரணமான காலத்தை யாரும் தொடவில்லை, அதனால் வருகிறேன்.

1954இல் அமெரிக்காவில் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பெரிய கூச்சல். பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பு போட்டுக்கொண்டார்கள். போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரி யாரையும் மரியாதை குறையும்படி காட்டக்கூடாது என்பது அதில் ஒரு விதி. இப்போது மேலே பழையதாள் சொன்ன கதைகளை நினைத்துப் பாருங்கள், லஞ்ச செனட்டர் கதையெல்லாம் அச்சுக்கே போயிருக்காது. அண்ணன் சொல்கிற அப்பழுக்கற்ற சூப்பர்மேன் இந்தக் காலத்து ஆள். தொலைக்காட்சியில் சூப்பர்மேனாக ஜார்ஜ் ரீவ்ஸ் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நின்றதும் அப்போதுதான்.

ஆனால் இதைச் சப்பென்று நினைக்காதீர்கள். அப்போது எடிட்டராக இருந்த மார்ட் வைசிங்கர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் உனக்கு என்ன கதை வேண்டும் என்று கேட்டு, அதை எழுத்தாளர்களிடம் கொண்டுபோவாராம். 1955இல் நாய் கிரிப்டோ, 1958இல் ஒரு பாட்டிலுக்குள் சுருக்கி அடைத்த, அவர் பிறந்த கிரிப்டான் கிரகத்து காண்டோர் நகரம், 1959இல் சூப்பர்கேர்ள், எல்லாம் வரிசையாக வந்தன. சிவப்பு கிரிப்டோனைட் பட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஒருமுறை 1963இல் கழுத்துக்கு மேலே எறும்புத் தலை முளைத்துவிட்டது, கீழே அதே நீல உடை, சிவப்பு மேலங்கி, மேலே இரண்டு உணர்கொம்பு. சின்ன வயதில் படித்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். கிரிப்டோவைப் பார்த்துச் சிரிக்கிற அக்கா மகனிடம் சொல்லுங்கள், அந்த நாய்க்கு அவனுடைய தாத்தா வயது.

இந்தக் காலத்தில் சூப்பர்மேனுடைய பிரச்சினை சமூகம் இல்லை, தனிமை. பிறந்த கிரகம் போய்விட்டது, பாட்டிலுக்குள் இருக்கிற அந்தக் கிரகத்து நகரத்தைப் பெரிதாக்க முடியவில்லை. 1961இல் கற்பனைக் கதை என்று சொல்லி அவரையே சாகடித்தார்கள், உடலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து எல்லாரும் வரிசையில் வந்து அழுகிறார்கள். அதை எழுதியது யார் தெரியுமா? அதே ஜெர்ரி சீகல். பெயர்கூடப் போடாமல், தான் உருவாக்கிய ஆளுக்குக் கூலிக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

குமுறல்:

அந்தக் கூலி விஷயத்தை இப்படி ஒரு வரியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள் எறும்புத்தலை. மொத்த உரிமையையும் 1938இல் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள், பக்கத்துக்கு 10 டாலர் கணக்கு. 1947இல் வழக்குப் போட்டார்கள், அதோடு கதைகளில் இருந்த அவர்களின் பெயரே போய்விட்டது. 1975இல் பெரிய பட்ஜெட்டில் படம் வரப்போகிறது என்று செய்தி வரும்போது சீகல் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா, ஷஸ்டருக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. சீகல் பத்திரிகைகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, ஓவியர்கள் நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் எல்லாம் சேர்ந்து போராடிய பிறகுதான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் கொடுத்தார்கள், பெயரும் திரும்ப வந்தது. முதலாளியைச் சுரங்கத்தில் அடைத்துப் பாடம் கற்பித்த ஆளை எழுதியவர்களின் கதை இது.

திண்ணைவாசி:

எல்லாருக்கும் நன்றி, அண்ணனுக்கு மொத்தத்தையும் அனுப்பிவிட்டேன், நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அக்கா மகன் கட்சிக்கு ஒரு கேள்வி. கொல்லக்கூடாது என்று 1940களில் விதி வந்தது சரி. அப்படியானால் 2013 படத்தில் கொன்றது அந்த இயக்குநர் புதிதாகச் செய்ததா?

நடுப்பக்கம்:

இல்லை ப்ரோ. 1988இல் சூப்பர்மேன் 22ஆம் இதழில் கிரிப்டான் கைதிகள் மூன்று பேரைக் கிரிப்டோனைட்டால் தானே கொல்கிறார், அதில் ஒருவர் 2013 படத்து வில்லனான அதே ஜெனரல் ஸாட். ஒரு மாற்று உலகத்து பூமியையே அழித்தவர்கள், மறுபடி வருவேன் என்று மிரட்டுகிறார்கள், நீதிபதி, தூக்குப்போடுபவர் இரண்டும் நானே என்று முடிவெடுக்கிறார். அந்தக் குற்ற உணர்ச்சி அடுத்த பல இதழ்களுக்கு அவரைப் பிடித்து ஆட்டுகிறது, பூமியை விட்டே போய்விடுகிறார். படத்தில் அந்தப் பின்விளைவுக்கு நேரம் கொடுக்கவில்லை, என் குறை அது மட்டும்தான்.

அந்தக் கதையை எழுதி வரைந்தவர் ஜான் பைர்ன். 1986இல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தவர் அவர். வளர்ப்புப் பெற்றோரைச் சாகவிடாமல் வைத்துக்கொண்டார், சூப்பர்பாய், நாய், பாட்டில் நகரம் எல்லாம் அவுட். அதுவரை சூப்பர்மேன் உண்மை, கிளார்க் வேஷம். இவர் அதைத் திருப்பிப்போட்டார், கன்சாஸ் பண்ணையில் வளர்ந்த கிளார்க்தான் ஆள், சூப்பர்மேன் அவன் மாட்டுகிற உடுப்பு. பைத்தியக்கார விஞ்ஞானியாக இருந்த பரம எதிரி லெக்ஸ் லூதர் பெரிய கம்பெனி முதலாளி ஆனதும் இங்கேதான், அந்த யோசனை மார்வ் வுல்ஃப்மேனுடையது. அதிபர் ரேகன் காலத்து அமெரிக்காவில் வில்லன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

என் கணிப்பில் இந்த மாற்றத்துக்கெல்லாம் அடிப்படை ஒன்றே ஒன்று, வாங்குகிறவரின் வயது. 1950களில் பெட்டிக்கடை ரேக்கில் பத்து வயதுப் பையன் 10 சென்ட் கொடுத்து வாங்கினான், நாலைந்து வருடத்தில் படிப்பதை விட்டுவிடுவான், அதனால் அதே கதையைத் திருப்பி எழுதினாலும் கேட்க ஆள் இல்லை. 1980களில் காமிக்ஸுக்கென்றே இருக்கிற கடையில் இருபது முப்பது வயதுக்காரர் வாங்குகிறார், அவர் படிப்பதை விடுவதும் இல்லை, எதையும் மறப்பதும் இல்லை. அவருக்கு எறும்புத் தலை கொடுத்தால் போதாது. 1992இல் சூப்பர்மேன் செத்த 75ஆம் இதழைக் கறுப்புப் பையில் போட்டு, கையில் கட்டிக்கொள்ளக் கறுப்புப் பட்டையோடு விற்றார்கள், நிறைய பேர் பையைப் பிரிக்காமலே பின்னால் விலை ஏறும் என்று பெட்டியில் பூட்டி வைத்தார்கள். பத்து வயதுப் பையன் அப்படிச் செய்வானா?

சாகடித்த காரணமும் வேடிக்கை. அந்த வருடம் காதலி லோயிஸோடு கல்யாணம் நடத்துவதாகத்தான் திட்டம், தொலைக்காட்சித் தொடர் வரப்போகிறது, அதோடு சேர்த்து நடத்தலாம் என்று தள்ளிப்போட்டதும் வேறு பெரிய கதை தேவைப்பட்டது. கல்யாணம் ஒருவழியாக 1996இல் நடந்தது.

மாடிப்படி:

நடுப்பக்கம் சொல்வதில் பாதிக்குமேல் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வாங்குகிறவன் வயது என்ற ஒரே கணக்கில் எல்லாம் அடங்காது. 2005 முதல் 2008 வரை வந்த ஆல்-ஸ்டார் சூப்பர்மேன் பெரியவர்களுக்கு என்றே எழுதியதுதான், கிராண்ட் மோரிசன் கதை, ஃபிராங்க் குவைட்லி ஓவியம். உங்கள் கணக்குப்படி அது இருண்டு போயிருக்க வேண்டும். நாய், பாட்டில் நகரம், 1960களின் கிறுக்குத்தனம் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். பத்தாம் இதழில் ஒரே ஒரு பக்கம்: உயரமான கட்டடத்தின் விளிம்பில் ஒரு பெண் நிற்கிறாள், கைப்பேசி கீழே விழுந்துவிட்டது, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். பின்னால் ஒரு கை அவள் தோள்மேல் விழுகிறது. உன் டாக்டர் உன்னை ஏமாற்றவில்லை, நிஜமாகவே வழியில் மாட்டிக்கொண்டார் என்கிறார். கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அவருக்கும் அப்போது சாவு நெருங்கிவிட்டது, அவளிடம் அதைச் சொல்வதில்லை. 1938 ஆள் இந்த இடத்தில் டாக்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார், 1950 ஆள் விழுந்தவளைப் பாதி வழியில் பிடித்திருப்பார். விளிம்பில் போய்ப் பக்கத்தில் நிற்பவர் இந்த ஆள்தான்.

அதே மோரிசன் 2011இல் ஜீன்ஸ், டி-ஷர்ட், பூட்ஸ் மாட்டிய இளைஞனாக அவரை மறுபடி ஆரம்பித்தார், முதல் காட்சியிலேயே ஊழல் முதலாளி ஒருவனை மாடியிலிருந்து தொங்கவிட்டு ஒப்புக்கொள்ளவைக்கிறார். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

திண்ணைவாசி, படிக்க ஆசை இருந்தால் ஆண்டு வரிசையில் ஆரம்பிக்காதீர்கள், 1950களில் மாட்டிக்கொண்டு விட்டுவிடுவீர்கள். முதலில் ஆல்-ஸ்டார், 12 இதழ்தான். அடுத்து பைர்னின் ஆறு இதழ். அதன் பிறகு 1938 கதைகள், ஓவியம் கரடுமுரடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வானொலியில் வந்த அந்தக் கிளான் கதையை ஜீன் லூயன் யாங் 2019இல் காமிக்ஸாக எழுதினார், சீனக் குடும்பத்துப் பிள்ளைகளின் கண் வழியாகப் போகும், அதிலும் சூப்பர்மேன் பறக்காமல் தாண்டுவார், ஓடுவார். அக்கா மகனுக்கு அதைக் கொடுங்கள். அவன் சூப்பர்மேனின் மகன் ஜானைப் பற்றிக் கேட்டால் தனியாக ஒரு கேள்வி போடுங்கள், 2021இல் அப்பா இடத்துக்கு வந்த பையனைப் பற்றி இங்கே அடிதடியே நடக்கும்.